வைரத்துக்கு மட்டும் சூடான பிஸ்கட்

சொந்த வீட்டில் ஹீட்டர் வெட்டியாக ஓடிக்கொண்டிருக்க, இருபது நிமிடம் காரோட்டிப் போய் அதே ஊர் ஹோட்டலில் காசு கொடுத்து அறை எடுப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்வதில் தப்பே இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் அப்படிப்பட்ட பைத்தியங்கள் ஒரு பாரை நிரப்பும் அளவுக்கு இருந்தார்கள். வருஷம் முழுக்க ஊர் ஊராக அலைந்து, ஆல்டர்மன் ஹோட்டல்களிலேயே தங்கி, வைர உறுப்பினர் என்ற பட்டத்துக்கு ஓரிரு இரவு மட்டும் குறைந்துபோனவர்கள் அவர்கள். டிசம்பர் முடிவதற்குள் அந்தக் குறையை அடைக்காவிட்டால் ஜனவரியில் வெள்ளிக்கு இறக்கிவிடுவார்கள். அதனால் முப்பதாம் தேதி பனியைக்கூடப் பார்க்காமல் ஆற்றங்கரை ஆல்டர்மனுக்கு ஓடி வருவார்கள். கெட்டிக்காரர்கள் சாவியை வாங்கி, படுக்கையைக் கலைத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்கள். கலைக்காமல் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கலைப்பார்கள். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ரெனாட்டா ஸ்டெய்கர் இந்தக் கூட்டத்தில் பழைய ஆள். ஆஸ்பத்திரிக் கட்டில் விற்கும் கம்பெனியில் இருபது வருஷம் ஊர் சுற்றியவள். விவாகரத்து ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது. வெஸ்ட் அலிஸில் இருக்கும் தன் வீட்டுச் சமையலறையைவிட ஒமாஹா நகரத்து ஹோட்டல் பார் அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து வாங்க என்று சொல்ல ஆள் கிடையாது. ஆல்டர்மனில் உண்டு. வைர உறுப்பினர் உள்ளே நுழைந்ததும், "மறுபடியும் எங்களைத் தேடி வந்ததுக்கு ரொம்ப நன்றி, ஸ்டெய்கர் மேடம்" என்று பெயர் சொல்லி வரவேற்று, சூடான சாக்லெட் பிஸ்கட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். அதைத் திரையில் பார்த்துப் படிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தேதான் இருபது வருஷமும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

போன டிசம்பரில் அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். புதிதாக வரும் விற்பனைப் பிள்ளைகளுக்கெல்லாம் அவளே தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மலிவு விலை இணையதளத்தில் அறை எடுக்காதே, அந்த இரவு கணக்கில் வராது என்பதுதான். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு போனில் தடவியபோது, அவளே அப்படி ஓர் இணையதளத்தில் எடுத்துவிட்டாள். அந்த ஓர் இரவு கணக்கில் ஏறவில்லை. ஜனவரியில் வெள்ளி. போதாக்குறைக்கு மார்ச்சில் கம்பெனி, இனிமேல் எல்லாம் வீடியோவிலேயே பேசி விற்கலாம் என்று சொல்லி அவளை உள்ளூர் ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. இந்த வருஷம் அவள் ஆல்டர்மனில் தங்கிய இரவுகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அப்படியானால் இந்த முப்பதாம் தேதி எதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? வெண்டல் கராஸுக்காக. வேறு எதற்கும் இல்லை.

வெண்டல், லிஃப்ட் பரிசோதகர். அறுபதை எட்டப்போகிறவர், மனைவி இறந்து பல வருஷமானவர். ஏழு டிசம்பர்களாக இதே ஹோட்டலில், இதே தேதியில், கடைசி இரவுக்காக வந்து சேருவார். மேல்தள மூலையில் ஆற்றுப் பாலம் தெரியும் பெரிய அறை ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் இருவரும் வைத்த பெயர் அரண்மனை. வைரங்களில் முதலில் வருகிறவருக்கு அது சும்மா கிடைக்கும். யாருக்குக் கிடைக்கிறதோ அவர் மற்றவரைக் கூப்பிட்டு, அங்கே வைத்திருக்கும் சீஸ் தட்டைப் பங்கு போட வேண்டும். அது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். வருஷத்தில் ஒரே ஒரு மாலை. போன் நம்பர் கேட்டதில்லை. கேட்டால் அது வேறு விஷயமாகிவிடும் என்று இருவருக்குமே ஒரு பயம்.

இந்த வருஷம் கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஜனவரியில் ஒரு நாள் காபி சாப்பிடலாமா? அவ்வளவுதான். அதைக் கார் கண்ணாடியைப் பார்த்துப் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் அவளையே பார்த்ததும் ரேடியோவோடு சேர்ந்து பாடுவதுபோல் வாயசைத்துச் சமாளித்தாள்.

வரவேற்பில் ஜனெல் இருந்தாள். வழக்கமாக ரெனாட்டாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிடும் பெண். திரையைப் பார்த்தாள்; பற்களில் பாதி மறைந்தது.

"வாங்க மேடம். அடையாள அட்டை காட்டுங்க."

ரெனாட்டா அட்டையை நீட்டினாள். பிஸ்கட் வாசனை கவுன்டருக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. பிஸ்கட் வரவில்லை.

"ரெண்டாவது மாடி, ஐஸ் மெஷின் பக்கத்துல. கொஞ்சம் சத்தம் இருக்கும்."

"மேல் மூலை ரூம்?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"அது காலைலயே போயிடுச்சு. ஆயுள் வைரம் ஒருத்தர் வந்திருக்கார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் ஜனெல்.

ஆயுள் வைரம் என்றால், போதும் போதும் என்கிற அளவுக்குத் தங்கித் தீர்த்தவர். அவருக்கு வருஷக் கணக்கு கிடையாது. இனி ஒரு நாளும் தங்காவிட்டாலும் சாகும்வரை வைரம்தான். கணக்கை அடைக்க வேண்டியவர்கள் முட்டி மோதும் இந்த நாளில் அப்படி ஒருவனுக்கு இங்கே என்ன வேலை? எவனோ விமானம் ரத்தான வெளியூர்க்காரன் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே ரெனாட்டா அறைக்குப் போனாள். ஐஸ் இயந்திரம் யாரோ மூட்டை மூட்டையாகப் பாத்திரத்தைக் கொட்டுவதுபோல் சத்தம் போட்டது. அதற்கு அடுத்து லிஃப்ட் முனகியது.

மூன்று மணிக்கெல்லாம் கீழே காபிக் கடையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வெண்டல் எப்போதும் மூன்று மணிக்குத் தொப்பியில் பனியோடு அந்த வாசலில்தான் நுழைவார். ஒரு காபி குடித்தாள். கடைக்காரப் பெண் போனைக் காட்டச் சொல்லி, வாடிக்கையாளர் கணக்கில் ஒரு நட்சத்திரம் ஏற்றினாள். இந்த ஊரில் எந்தக் காபிக் கடைக்குப் போனாலும் நட்சத்திரம், இலை, கொட்டை என்று ஏதாவது ஒன்றை ஏற்றுகிறார்கள். அவள் போனைத் திறந்தால் ஒரு காடும் அதன் மேல் ஒரு வானமும் இருக்கும். இன்னொரு காபி குடித்தாள். வாசலில் யார் யாரோ வந்தார்கள். வெண்டல் வரவில்லை.

போன வருஷம் அவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது இப்போது நினைவுக்கு வந்தது. உடம்புக்கு ஏதாவதா? இல்லை, வேறு யாரையாவது கல்யாணம் செய்துகொண்டாரா? மூன்றாவது காபியும் வாங்கினாள். ஓர் ஆள் வரவில்லை என்றால் எங்கே போய்த் தேடுவது என்றுகூடத் தெரியாத சினேகம் என்ன சினேகம் என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஐந்து மணிக்குப் பாருக்குப் போனாள். உள்ளூர்ப் பைத்தியங்கள் எல்லாம் ஆஜர். பார்மேன் லூ, கேட்காமலே அவளுக்கு ஒரு பிராந்தி ஓல்டு ஃபேஷன்டு காக்டெயில் கலந்து வைத்து, பொரித்த சீஸ் உருண்டைகளையும் நகர்த்தினார். அப்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அம்மணி! இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?"

வெண்டல்தான். லிஃப்ட் பக்கமிருந்து வந்தார். தொப்பி இல்லை, கோட்டும் இல்லை, தோளில் ஒரு பொட்டுப் பனியும் இல்லை. சந்தோஷத்தில் ரெனாட்டா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை.

"உங்களை அனுப்பிட்டுத்தான் நான் போவேன். ஏன் இவ்வளவு லேட்டு?"

"இந்த லிஃப்ட்டு மூணாவது மாடி தாண்டும்போது ஒரு முனகல் முனகுது. ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கேட்டுட்டிருந்தேன்."

"லீவு நாள்லயுமா? உங்களைக் கட்டிப்போட ஆளில்ல, அதான்."

"ஆளில்லதான்" என்றார் அவர். ஒரு சீஸ் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு குறையுது இந்த வருஷம்?"

"ஒரே ஒரு ராத்திரி" என்று கூசாமல் பொய் சொன்னாள் ரெனாட்டா. "உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணுதான். நூலிழையில நிக்கிறேன்."

லூ அவருக்கும் ஒன்று கலந்து வைக்க, இருவரும் கோப்பையை மோதிக்கொண்டார்கள். வெண்டல் அலுத்துக்கொண்டார். "என்னை ஐஸ் மெஷின் பக்கத்துல தள்ளிட்டாங்க. அரண்மனை உங்களுக்குத்தானா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் இரண்டு வைரத்துக்கும் கிடைக்கவில்லை என்றால் ஏன், எப்படி என்று பேச்சு வளரும். கடைசியில் வெள்ளி வெளியே வரும். இருபது வருஷ அனுபவசாலி மலிவு இணையதளத்தில் ஏமாந்த கதையும் வரும். ரெனாட்டாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எனக்குத்தான். பின்ன?"

வெண்டலுக்குப் பிராந்தி புரை ஏறியது. லூ ஓடிவந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு இருந்தது.

"சந்தோஷம் அம்மணி, ரொம்ப சந்தோஷம். ஜன்னல்ல பாலம் நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது."

"துணி போட்டு மூடியிருக்காங்களே, பெயின்ட் அடிக்கறதுக்கு?"

"ஆமா... அந்தத் துணியைத் தவிர. துணிக்கு மேல பளிச்சுனு தெரியுது."

"என்ன கலர் துணி?"

"என்ன நீங்க, துணி வியாபாரம் பண்ணப்போறீங்களா? நீலம். லிஃப்ட்டு சத்தத்துல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு, துணியை யாரு பார்த்தா?"

"அரண்மனைக்கு லிஃப்ட்டு சத்தம் கேக்காதே. அது அந்தக் கோடில்ல இருக்கு?"

"எனக்குக் காது கூர்மை" என்றாள் ரெனாட்டா. கழுத்து சூடாகி வியர்த்தது.

வெண்டல் விடுவதாக இல்லை. "அப்போ சட்டப்படி சீஸ் தட்டு? எப்ப கூப்பிடறீங்க?"

"முதல்ல மசாஜ்" என்றாள் அவசரமாக. "ஏழு வருஷமா அதுதானே வழக்கம்?"

வாயைக் கொடுத்து இரண்டாம் முறை மாட்டிக்கொண்டாள். அந்தக் கழுத்து மசாஜும் வைரங்களுக்குத்தான் இலவசம். ஆனால் காசு கொடுத்தாலும் செய்வார்கள். மசாஜ் செய்யும் கிரெட்டாவைத் தனியே ஓரங்கட்டி, ரகசியமாகக் கடன் அட்டையைத் தேய்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

உடற்பயிற்சி அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இரண்டு மசாஜ் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில். உடையோடே முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, நடுவில் ஓட்டை உள்ள மெத்தைக்குள் முகத்தைக் கொடுத்துவிட வேண்டும். தரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. கிரெட்டா ஒருத்தியே இரண்டு முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வாள். ரொட்டிக்கு மாவு பிசைவதுபோன்ற கைகள். அதைவிட அழுத்தமான வாய்.

"வந்தாச்சா ஜோடி? உக்காருங்க, உக்காருங்க. ஆறு மணிக்கு எனக்கு அடுத்த ஆள் இருக்கு."

ரெனாட்டாவுக்கு அவளை ஓரங்கட்ட இடமே கிடைக்கவில்லை. கிரெட்டா அவள் தலையைப் பிடித்து ஓட்டைக்குள் அமுக்கிவிட்டாள். பக்கத்தில் வெண்டலின் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு கிரெட்டா தன் கைக்கணினியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் படித்தாள்.

"வெண்டல் கராஸ், மேல்தள மூலை ரூம், ஆயுள் வைரம். இலவசம், சூட்டுக் கல் ஒத்தடமும் உண்டு. ரெனாட்டா ஸ்டெய்கர், எரநூத்திப் பதினாலு, வெள்ளி. உங்களுக்குக் கட்டணம் இருக்கு கண்ணு, போகும்போது அட்டையைத் தேச்சிடுங்க."

உடற்பயிற்சி அறையில் யாரோ ஓடுகிற ட்ரெட்மில் மட்டும் தடதடத்தது.

ரெனாட்டாவுக்கு அந்த ஓட்டை வழியாக அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அரண்மனையில் இருக்கிற ஆளிடமே அரண்மனை என்னுடையது என்று அளந்திருக்கிறாள். துணிக்கு நீலக் கலர் வேறு.

"துணி..." என்று மெத்தைக்குள்ளிருந்தே கேட்டாள். "நிஜமாவே நீலமா?"

"பாலத்துக்கு யாரும் துணியே போடல அம்மணி" என்றது பக்கத்து ஓட்டை.

கிரெட்டா அவள் தோளில் முழங்கையை ஊன்றினாள். "இதென்ன, தோளா செங்கலா? விடுங்க, விடுங்க."

ரெனாட்டாவுக்கு விட வேண்டியது தோள் மட்டும் அல்ல என்று தோன்றியது. முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதே ஒரு தைரியம்.

"போன வருஷமே கோட்டை விட்டுட்டேன் வெண்டல். மலிவு சைட்டுல ரூம் போட்டுத் தொலைச்சேன். நான்! ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ. அப்புறம் வேலையையும் உள்ளூருக்கு மாத்திட்டாங்க. இந்த ராத்திரி எனக்கு எந்தக் கணக்குலயும் வராது."

"கணக்குலயே வராதுன்னா எதுக்கு வந்தீங்க?"

அவள் திருப்பிக் கேட்டாள். "நீங்கதான் ஆயுள் வைரமாச்சே. ஜன்மத்துக்கும் இங்க வர வேண்டியதில்ல. நீங்க எதுக்கு வந்தீங்க?"

கிரெட்டா இரண்டு முதுகுகளிலும் ஆளுக்கொரு கையை வைத்து நின்றாள்.

"ரெண்டு பேரும் மூச்சையே நிறுத்திட்டீங்க. இப்படி இருந்தா நான் எங்கேர்ந்து பிசையறது? யாராவது ஒருத்தர் சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

வெண்டல் பெருமூச்சு விட்டார். "போன வருஷம் அந்த ராத்திரியோட ஆயுள் வைரம் ஆயிட்டேன். ஜனெல் கை குடுத்து, ரெண்டு பிஸ்கட்டாக் குடுத்தா. உங்ககிட்டச் சொல்லிப் பீத்திக்கணும்னுதான் ஓடி வந்தேன். பக்கத்துல உக்கார்ந்ததும் பகீர்னு ஆயிடுச்சு. சொன்னா, அப்போ இனிமே உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. எனக்குப் பதில் தெரியாது. அதாவது... தெரியும். சொல்ல வாய் வரல. அதான் ஒரு ராத்திரி குறையுதுன்னு புளுகினேன். வருஷா வருஷம் புளுகலாம்னு இருந்தேன்."

ரெனாட்டாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராகத் தரைவிரிப்பில் விழுந்தது. முகத்தை ஓட்டையில் வைத்திருந்தால் கண்ணீர் கன்னத்தில் வழியாது. துடைக்க வேண்டியதும் இல்லை. மூன்று காபி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தபோது, இந்த மனுஷன் மேலே அரண்மனையில் எந்தப் பொய்யைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கார் கண்ணாடியிடம் ஒப்பித்த வாக்கியம் தானாகவே வெளியே வந்தது.

"ஜனவரியில ஒரு நாள் காபி சாப்பிடலாமா?"

பக்கத்து நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"ஜனவரிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே. அவ்வளவு நாள் எதுக்குக் காத்திருக்கணும்?"

"இப்பப் பாருங்க" என்றாள் கிரெட்டா. "ரெண்டு தோளும் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. இதை முன்னாடியே பேசியிருந்தா எனக்குக் கை வலி மிச்சம்."

அன்று மாலை சட்டப்படி சீஸ் தட்டு பங்கு போடப்பட்டது. பாலம் துணி இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது. வெண்டல் அதே ஊரில் பே வியூ பகுதியில் இருப்பதும், அவள் ஞாயிற்றுக்கிழமை வாத்துகளுக்குத் தீனி போடப் போகும் பூங்காவுக்கு எதிர்ச்சாரியில்தான் அவர் வீடு என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. அவள் ஒமாஹாவில் வரவேற்பு வாங்கிக்கொண்டிருந்த வருஷங்களை எல்லாம் நினைத்தால் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஐஸ் இயந்திரம் இரவெல்லாம் பாத்திரம் கொட்டியது. அவளுக்கு அது தாலாட்டாகத்தான் கேட்டது.

மறுநாள் மதியம் பே வியூவில் அந்த வீட்டு மணியை அடித்தபோது, உள்ளே ஏதோ தட்டு விழும் சத்தமும் ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. கதவு திறந்தது. வெண்டல் கோட் போட்டு டை கட்டியிருந்தார். ஒரு கையில் அடுப்புக் கையுறை. மறு கையில் காகிதத்தில் சுற்றிய ஒன்று, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"மறுபடியும் எங்களைத் தேடி வந்ததுக்கு ரொம்ப நன்றி, ஸ்டெய்கர் மேடம்."

எந்தத் திரையையும் பார்க்காமல் அவர் அதைச் சொன்னார்.

"நான் இப்பத்தானே முதல் தடவை வர்றேன்?"

"இந்த ஹோட்டல்ல வேற கணக்கு. முதல் தடவையே ஆயுள் வைரம்தான்."

பிஸ்கட்டின் அடி நன்றாகக் கருகியிருந்தது. புகாரை யாரிடம் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டே, இன்னொரு வாய் கடித்தபடி, அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றினாள்.